ஆய்வு மாணவருக்கும் ஓர் உபயம்

(அறநிலையத்தின் கல்வி நிதியளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



பூசைக்குப் பிறகும் அன்னதானத்திற்கு முன்பும் பேச அழைக்கப்படுகிறவன் நீட்டிப் பேசக்கூடாது என்பது நம் ஆலயங்களில் எழுதப்படாத சட்டம். செயலாளர் எனக்கு அரைமணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இவ்வாண்டு கல்விக் குழுவுக்கு வந்த விண்ணப்பங்களில் இரண்டு வழக்கத்திற்கு மாறானவை. ஒன்று, உயிர்மருத்துவ அறிவியல் இறுதியாண்டில் பயிலும் ஒரு மாணவியுடையது. அவர் கட்டணம் கேட்கவில்லை. அதற்கு அரசாங்கக் கடனுதவி கிடைத்துவிட்டது. தம் ஆய்வுக்குத் தேவையான இரசாயனப் பொருள்கள் வாங்க உதவி கேட்கிறார். மற்றொன்று, கட்டடக்கலை பயிலும் ஒரு மாணவருடையது. திருப்பணிக்காக இடிக்கப்படவிருக்கும் பழைய ஆலய மண்டபம் ஒன்றை, இடிப்பதற்கு முன் அளந்து வரைபடமாக்க வேண்டும் என்கிறார். அளவுக் கருவி வாடகை, போக்குவரத்து, படம் அச்சிடும் செலவு ஆகியவற்றுக்கு ஒரு தொகை கேட்கிறார்.

குழுவில் மூத்த அன்பர் ஒருவர் இவ்வாறு கேட்டார்: "படிக்கப் பணமில்லை என்றால் கொடுப்போம், அது தருமம். ஆராய்ச்சிக்கு எதற்கு ஐயா உண்டியல் பணம்? அது பல்கலைக்கழகத்தின் வேலை அல்லவா? அதிலும், கண்டுபிடிப்பார்களா மாட்டார்களா என்றே தெரியாதே?" நியாயமான கேள்வி. கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. நம் கல்வி நிதியின் விதியிலும் 'கல்விக் கட்டணம்' என்ற சொல் மட்டுமே இருக்கிறது. அதை விரிக்க வேண்டுமானால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உங்கள் ஒப்புதல் வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு நின்றவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

முதலில் உயிர்மருத்துவ அறிவியல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பில் பிள்ளை சேர்ந்தால், "டாக்டர் படிப்பு கிடைக்கவில்லையா?" என்று துக்கம் விசாரிக்கும் உறவினர்கள் நம்மிடையே உண்டு. மருத்துவர் கையில் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருக்கிறதே, அதில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் நிற்கிறவர் இந்தப் படிப்புப் படித்தவர். நோய் எப்படி உண்டாகிறது, உடலின் எந்த அணுவில் எந்த மாற்றம் முதலில் நிகழ்கிறது என்று தேடுவது இத்துறை. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு ஆய்வு செய்து முடித்தாக வேண்டும்.

நம் மாணவி எடுத்துக்கொண்டது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முன்னணியில் நிற்கிறோம். பெருமைப்பட முடியாத முதலிடம். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே, நோயாளியின் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் கூடுகிறதா என்பதே அவர் கேட்கும் கேள்வி. அதை அளக்க 96 சிறு குழிகள் கொண்ட ஒரு தட்டு வேண்டும். இரண்டாயிரம் வெள்ளிக்குக் குறைந்து அது கிடைப்பது அரிது. துறை கொடுக்கும் ஒதுக்கீடு ஒரு தட்டுக்கே போதாது. ஆகவே என்ன நடக்கிறது தெரியுமா? அறுபது பேரிடம் இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டிய இடத்தில் இருபது பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இருபதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வேடு எழுதி, பட்டம் வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அலமாரிகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அறிவுக் குறைவினால் நின்றவை அவற்றில் சில. இரசாயனம் தீர்ந்து நின்றவை பல.

மாணவர் செய்வது விளையாட்டு ஆராய்ச்சி என்று நினைப்பவர்களுக்கு இந்த நீரிழிவு நோயின் வரலாற்றையே சொல்லலாம். 1869-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் தம் பட்ட ஆய்வுக்காக முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். அவருக்கு அப்பொழுது வயது 21. கணையத்தில் சிறு சிறு தீவுகளைப் போல வேறுவகை அணுக்கள் கூட்டங்கூட்டமாக இருப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் நேர்மையாகக் குறிப்பிட்டார். 1889-இல் வேறு இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு கண்டது. பிறகு, லாங்கர்ஹான்ஸ் எழுதி 52 ஆண்டுகள் கழித்து, 1921-ஆம் ஆண்டு கோடையில், கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங் என்ற இளம் மருத்துவரும் அவருக்கு உதவியாக சார்ல்ஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். உதவிக்கு இரண்டு மாணவர்களில் யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் பார்த்ததில் பெஸ்ட் பெயர் வந்ததாம். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் சிறுவயதில் இந்நோய் வந்த பிள்ளைகள் மெலிந்து, சில ஆண்டுகளுக்குள் இறந்துபோவார்கள். கண்டவர் ஒரு மாணவர். பிரித்தெடுக்கும் மேசையில் நின்றவர் இன்னொரு மாணவர். நடுவே 52 ஆண்டுகள். 1869-இல் லாங்கர்ஹான்ஸிடம் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அன்பர்களே, இதுவரை சொன்னது ஜெர்மனிக் கதை, கனடாக் கதை. நம்மைப் போன்ற ஓர் அறநிலையம் இதில் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். செய்து காட்டிய ஓர் அறநிலையம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

ஆந்திரத்தின் காக்கிநாடா பகுதியைச் சேர்ந்தவர் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர். கடல் கடந்து பர்மா சென்று, இரங்கூனில் பெரும்பொருள் ஈட்டினார். நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த அதே காலம்தான். ஈட்டியதைத் தருமத்துக்கு எழுதி வைத்தார். அவர் பெயரில் காக்கிநாடாவில் ஓர் அறநிலையம் உண்டாயிற்று.

பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஏழைக் குடும்பம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் 'ஸ்புரு' என்னும் நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச மறுத்து, உடல் இரத்தமின்றி வெளுத்து உருக்குலைகிற வெப்பநாட்டு நோய் அது. அந்நாளில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வேட்கை அவருக்கு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, கப்பலேறப் பணமில்லை. மாமனார் திரட்டிக் கொடுத்தது கொஞ்சம். சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவ முன்வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார்.

உதவித் தொகை போதாமல் அங்கே ஒரு மருத்துவமனையில் இரவுநேரச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவுவதும் அதில் அடங்கும். மருத்துவம் படித்தவர் செய்த வேலை இது. பகலில் ஆய்வுக்கூடம். 1925-இல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, தம் பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறையை வெளியிட்டார். 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்ற பெயரிலேயே அதை நான் மாணவனாகக் கற்றேன், ஆசிரியனாகக் கற்பித்தேன். இந்தியப் பெயர் ஒன்று பாடப்புத்தகத்தில் வரும் அந்தப் பக்கத்தில் என் மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். அதே முறையைக் கொண்டுதான் தசை இயங்குவதற்கான ஆற்றல் எந்தப் பொருள்களில் சேமிக்கப்படுகிறது என்பதை 1927-லும் 1929-லும் அவர்கள் கண்டறிந்தார்கள். முனைவர் பட்டம் அவருக்கு 1930-இல்தான் வந்தது. அதாவது, இவையெல்லாம் ஒரு மாணவரின் ஆராய்ச்சி.

பிறகு மருந்து நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சித் தலைவரானார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது. ஸ்புரு நோய்க்கு அது மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. இன்று நம் வீட்டுப் பெண்கள் கருவுற்றதும் கிளினிக்கில் கொடுக்கிறார்களே ஒரு சிறு மாத்திரை, அதுவும் இதுவே. கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது பெருமளவு தடுக்கிறது என்று 1991-இல் உறுதி செய்யப்பட்டது. யானைக்கால் நோய்க்கு இன்றும் உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் மருந்துகளில் ஒன்று 1947-இல் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. தோட்டப்புறங்களில் வாழ்ந்த மூத்தோர் அந்நோயை நேரில் கண்டிருப்பார்கள். அவருடைய குழு தயாரித்துக் கொடுத்த மருந்துப் பொருளைக் கொண்டு டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948-இல் உலகுக்குக் காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. அமெரிக்கா சென்றவர் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

சத்தியலிங்க நாயக்கர் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. காக்கிநாடா அறநிலையத்தார் பணம் கொடுத்தபோது ஃபோலிக் அமிலம் என்ற பெயரே உலகில் இல்லை. "கண்டுபிடித்துவிட்டு வா, பிறகு தருகிறோம்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் அந்த இளைஞர் கப்பலேறாமலே நின்றிருப்பார்.

கோபுரத்துக்கு வர்ணம், வசந்த மண்டபத்துக்குப் பளிங்குக்கல், வெள்ளி வாகனம் என்றால் உபயதாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அது பக்தி, குறை சொல்லமாட்டேன். பளிங்கில் பெயர் பொறிக்கலாம். சோதனைக் குழாயில் பொறிக்க இடமில்லை. அதுவும் ஒருமுறை பயன்படுத்தியதும் குப்பைக்குப் போய்விடும். இந்த உபயத்திற்கு ஆள் சேர்வது கடினம் என்பதை அறிந்தே பேசுகிறேன்.

இனி அந்தக் கட்டடக்கலை மாணவருடைய விண்ணப்பம். இத்துறை எனக்குத் தொலைவு. என் மகள் படித்தாள். அந்த ஐந்தாண்டும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் அட்டையும் பசையும் வெட்டுக்கத்தியுமாகக் கிடந்தன. தைப்பூசத்துக்கு வந்த உறவினர் உட்கார ஒரு நாற்காலி இல்லை, எல்லா நாற்காலியிலும் ஒரு மாதிரிக் கட்டடம் உட்கார்ந்திருக்கும். அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்டது, கட்டடக்கலையில் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் அளப்பதுதான் என்பது. அளவு நாடா, தூக்குக் குண்டு, ரசமட்டம், இப்பொழுது ஒளிக்கற்றைக் கருவி. ஏணி வைத்து ஏறி, பரணில் தவழ்ந்து, ஒவ்வொரு தூணும் உத்தரமும் எத்தனை மில்லிமீட்டர், எந்த மரம், எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று எழுதுவார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் பழைய மலாய் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் இப்படி அளந்து வரைந்த படங்கள் பல பத்தாண்டுகளாக அங்குச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அந்த வீடுகளில் சில இன்று தாளில் மட்டுமே நிற்கின்றன.

அளப்பதால் என்ன பயன்? பாரிஸ் நகரின் நோட்ர டாம் தேவாலயத்தைச் சொல்கிறேன். 1163-இல் கட்டத் தொடங்கிய ஆலயம். அதன் கூரைக்குள் இருந்த ஓக் மரச்சட்டகத்தைக் 'காடு' என்றே அழைப்பார்கள், அத்தனை மரங்கள். அந்நகரின் ஷாயோ பள்ளியில் பழங்கட்டடப் பாதுகாப்பைப் படித்துக்கொண்டிருந்த ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் டிராந்தெசோ என்ற இரு இளம் கட்டடக் கலைஞர்கள், தங்கள் படிப்பின் ஆய்வாக அந்தக் கூரைச் சட்டகம் முழுவதையும் அளந்து, 2014-இல் வரைந்து முடித்தார்கள். 2019 ஏப்ரல் 15-ஆம் நாள் அந்தக் காடு முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. மீண்டும் பழையபடியே மரத்தால் கட்டுவது என்று 2020-இல் முடிவெடுத்தபோது, தச்சர்களுக்கு வழிகாட்டியவற்றில் முதன்மையானவை அந்த மாணவ நாள்களின் வரைபடங்கள். ஃப்ரோமோன் பின்னர் அத்திருப்பணியின் கட்டடக் கலைஞர்களில் ஒருவராகவே பணியாற்றினார். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் முன்னதாக யாரோ அளந்து வைக்காவிட்டால், எரிந்துபோன மரத்தின் அளவை எவரிடம் போய்க் கேட்பது?

நம் ஆலயங்களுக்குத் தீ வர வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு வருகிறதே! மலாக்காவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம்போல் பழைய கட்டுமானத்தைக் காத்து நிற்பவை இந்நாட்டில் சிலவே. மற்றவை ஒவ்வொரு திருப்பணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமற் போயின. பழைய செங்கற்சுவரில் பூசியது சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, பளபளக்கும் வர்ணம் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் உதிரும். "பழைய சுவர் கெட்டுவிட்டது, இடிக்க வேண்டும்" என்று பிறகு தீர்மானம் போடுகிறோம். கெடுத்தது எது என்று அளந்து, கீறிப் பார்த்துச் சொல்ல ஒரு மாணவர் வருகிறார். அவருக்கு ஏணிக்கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம்.

இந்த இரண்டு விண்ணப்பங்களும் வேறு வேறு உலகம் என்று எண்ண வேண்டாம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா நகரில் மருத்துவ ஆய்வாளர்கள் எட்டு மருத்துவமனைகளில் ஒரு சோதனை செய்து 2007-இல் வெளியிட்டார்கள். காசநோய் காற்றில் பரவுவது. ஆகவே அறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவில் கலைகிறது என்று அளந்தார்கள். சன்னல்களும் கதவுகளும் திறந்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 முறை காற்று மாறியது. இயந்திரத்தால் காற்றோட்டம் அமைத்த அறைகளில் 12 முறை. 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உள்ள பழங்கட்டடங்களில் 40 முறை. புதிய கட்டடங்களில் 17. பழைய கொத்தனார் வைத்த சன்னல் நோயைத் தடுக்கிறது என்பதை மருத்துவ ஆய்வு சொல்கிறது. 2020-இல் கோவிட் வந்தபோது நாம் எல்லாரும் சன்னலைத் தேடினோம். நம் பழைய மண்டபத்தில் எத்தனை சன்னல், எவ்வளவு உயரத்தில் என்பதை அந்த மாணவர் எழுதி வைக்கட்டும். ஒருநாள் அந்த மாணவியைப் போன்ற ஒருவருக்கு அது தேவைப்படும்.

மூத்த அன்பர் கேட்டதில் ஒரு பகுதிக்கு இன்னும் விடை சொல்லவில்லை. கண்டுபிடிக்காவிட்டால்? பெரும்பாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் புரதம் முன்கூட்டியே கூடவில்லை என்றே முடிவு வரலாம். அறுபது பேரைச் சோதித்து 'இல்லை' என்று சொன்னால் அடுத்தவர் அந்த வழியில் போய்ப் பணமும் காலமும் இழக்கமாட்டார். இருபது பேரோடு நிறுத்தினால் 'இல்லை' என்றுகூடச் சொல்ல முடியாது.

எனவே பொதுக்கூட்டத்துக்கு நான் முன்வைப்பது இது: நிதி விதியில் 'கல்விக் கட்டணம்' என்பதை அடுத்து 'ஆய்வுச் செலவு' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். பணத்தை மாணவர் கையில் கொடுக்காமல், மேற்பார்வை ஆசிரியரின் கையெழுத்துடன் வரும் பற்றுச்சீட்டுக்குச் செலுத்தலாம். கணக்கில் குழப்பம் வராது. ஆய்வேட்டின் ஒரு படி நம் ஆலய நூல்நிலையத்துக்கு வர வேண்டும். மண்டப வரைபடம் திருப்பணிக் குழு குத்தகை விடுவதற்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வேறு நிபந்தனை வேண்டாம். முடிவு இன்னதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அறவே வேண்டாம்.

இரண்டு விண்ணப்பங்களின் நகலும் அலுவலகத்தில் இருக்கின்றன. பொதுக்கூட்டத்துக்கு முன் படித்துப் பார்க்க விரும்புவோர் செயலாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். மண்டபத்தை இடிக்கும் வேலை அடுத்த குடமுழுக்குக்கு நாள் குறித்தவுடன் தொடங்கிவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.